நெட்வொர்க் நல்லாத்தான் இருந்தது

நம் பொது உரைப் பிரிவில் இப்போது நீங்கள் நடத்தும் இணையவழி உரைகளை நான் விடாமல் பார்க்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. சேலையூரில் என் வீட்டுச் சமையலறையில், சாம்பார்ப் பொடி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்தபடி பார்ப்பேன். கேமராவை அணைத்துவிடுவேன். பெயர் என் மருமகளின் பெயராக இருக்கும். அதனால் ஓய்வு பெற்றுப் போன மேடத்துக்கு என்ன தெரியப் போகிறது என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். போன வாரம் பேசிய பெரியவர் தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்தார். அவர் ஒரு வாய் குடித்து முடிப்பதற்குள் உங்களில் ஒருவர், "சார், லைன்ல இருக்கீங்களா? சார்? சார்?" என்று அடுக்கிவிட்டார். பாவம் அந்த மனுஷன், விழுங்கவும் முடியாமல் பதில் சொல்லவும் முடியாமல் புரையேறி இருமினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கீரையை அப்படியே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று நான் எழுதப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பல்கலைக்கழகத்தின் பொது உரைப் பிரிவில் என் காலம் முழுவதையும் கழித்திருக்கிறேன். அந்தக் காலத்தில் ஒரே ஒரு சாயங்காலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதெல்லாம் நீங்களே பட்டுத் தெரிந்துகொள்வீர்கள்.

முதலில் எங்கள் பிரிவின் வழக்கம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு பெரிய கைகாரர். பெயர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. ஒருமுறை சிறப்பு விருந்தினரின் கார் பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டிக்கொண்டது. அரங்கம் நிறையக் கூட்டம். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து, குத்துவிளக்கும் ஏற்றியாகிவிட்டது. இனி செய்ய ஒன்றுமில்லை. மனுஷன் மைக்கைப் பிடித்தார். வரப்போகிறவரின் பெருமையைச் சொன்னார், தாம்பரத்தில் முன்பு எங்கெங்கே தண்ணீர் நின்றது என்று சொன்னார், முன் வரிசையில் இருந்தவரிடம் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். விருந்தினர் வியர்வையோடு உள்ளே நுழையும் வரை ஒருவரும் எழுந்து போகவில்லை. அன்றைக்கு மேடையிலிருந்து இறங்கி வந்து என்னிடம், "வசந்தா, இந்த வேலையில சைலன்ஸ்தான் நம்ம எதிரி. எங்க பார்த்தாலும் அதை உடனே அடைச்சிடு" என்றார். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். எனக்குக் கீழே வந்தவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். அவர் சொன்னது தப்பே இல்லை. அரங்கத்துக்கு அது சரியான பாடம்தான்.

தொற்றுக்காலம் வந்து எல்லாம் திரைக்குள் போனது. தொற்றுக்காலம் போன பிறகும் நாங்கள் இணையவழி உரைகளை விடவில்லை. உங்களுக்குத் தெரிந்த அதே கூத்துதான். யார் வீட்டிலோ குக்கர் விசில் அடிக்கும். பேச்சாளர் வாயைத் திறப்பதற்குள் "சான்றிதழ் எப்போ வரும்?" என்று ஒருவர் அரட்டைப் பெட்டியில் கேட்பார். ஒருநாள் யாரோ ஒரு புண்ணியவான் நடுவில் புகுந்து, எழுத முடியாத வார்த்தையெல்லாம் பேசிவிட்டுப் போனான். அன்றிலிருந்து பார்வையாளர் எல்லோர் மைக்கையும் நாங்களே மூடி வைத்தோம். கேள்வி கேட்பவர்கள் எழுதித்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு ஏற்பாடும் செய்தோம். பேச்சாளரின் படம் உறைந்து நின்றுவிட்டால் ஒலி, ஒளியைக் கவனிக்கும் ரியாஸ் அவர் மைக்கை மூடிவிட்டு ஒரு அட்டையைத் திரையில் போடுவான். பல்கலைக்கழக வாசலின் படம், அதன்மேல் 'தொழில்நுட்பத் தடங்கல். சற்றுப் பொறுத்திருக்கவும்' என்ற எழுத்து. அட்டை வந்த அடுத்த கணம் தொகுப்பாளர் பிரியா பேச ஆரம்பித்துவிடுவாள். ஆங்கிலத் துறை உதவிப் பேராசிரியை, தேன் மாதிரிக் குரல். ரியாஸ் பல்லாவரத்துப் பையன். அவன் அப்பா கல்யாணத்துக்கும் பொதுக்கூட்டத்துக்கும் மைக்செட் வாடகைக்கு விட்டவர். குரல் அறுந்தால் கை தானாகப் போகும் ரத்தம் அவனுக்கு. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு இடைவெளிகூட வெளியே தெரியாது. எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

இந்தச் சமயத்தில்தான் ஏழுமலை வந்தார்.

கோவளத்துக்காரர். அப்பா கடலுக்குப் போனவர், அம்மா அஞ்சலை மீன் விற்பவர். கடற்கரை மணலைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கி, எங்கள் பல்கலைக்கழகத்திலேயே தற்காலிக ஆராய்ச்சிப் பணியில் இருந்தார். வராந்தாவில் எதிரே வந்தால் கையைக் கூப்புவார், ஒரு வார்த்தை பேச மாட்டார். படித்த திமிர் போலிருக்கிறது என்றுகூட நான் நினைத்ததுண்டு. அப்புறம்தான் தெரிந்தது, அவருக்குத் திக்கும் என்று. அதிலும் 'வணக்கம்' என்ற சொல்லின் வாசலிலேயே நின்றுபோவார். அதனால் கை மட்டும் கூப்புவார்.

அவர் துறைத்தலைவர் நல்ல மனிதர். எனக்குப் போன் செய்தார். "மேடம், ஏழுமலையோட வேலை பிரமாதம். பொதுமக்களுக்கு ஒரு உரை வைக்கலாம். ஆனா லைவ் வேண்டாமே. முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி, நிக்கிற இடத்தையெல்லாம் வெட்டிட்டா அழகா வரும்" என்றார். அப்புறம் சற்றுத் தயங்கி, "உங்ககிட்ட சொல்றதுல என்ன, அவருக்கு வகுப்பு கொடுக்கலாமான்னு யோசிச்சிட்டிருக்கேன். வகுப்பு இருந்தாத்தான் வேலையில நிலைக்க முடியும். ஆனா பசங்க முன்னாடி நின்னு பேச முடியுமா, எனக்குத் தெரியல" என்றார்.

மறுநாளே ஏழுமலை நேரில் வந்துவிட்டார். கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் என்று பஸ் மாறி மாறி வந்திருந்தார். உட்காரச் சொன்னேன். கையைக் கூப்பிவிட்டு உட்கார்ந்தார். டீ வரவழைத்தேன், அதையும் தொடவில்லை.

"மேடம், ரெ... ரெக்கார்டிங் வேணாம். நானே நேர்ல பேசுறேன்."

"தாராளமா பேசுங்க. ஆனா உங்க ஹெச்.ஓ.டி. உங்க நல்லதுக்குத்தான் சொல்றார்."

"தெரியும் மேடம். எங்க கைடும் நல்லதுக்குத்தான் சொன்னாரு. எல்லாக் கருத்தரங்குலயும் என் க... கட்டுரைய அவரே படிச்சாரு. நான் பக்கத்துல நிப்பேன்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "இதை எங்க ஊர்ல எல்லாரும் பாப்பாங்க. எங்கம்மா பாக்கும். வெட்டி ஒட்டினா, அது நான் இல்லன்னு எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிடும்."

காலண்டரில் ஒரு தேதியைக் குறித்தேன். டீ ஆறிப்போனது, வேறு டீ சொன்னேன்.

ஒத்திகை வைத்தோம். அவர் கோவளத்தில் தன் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து பேசினார். நாங்கள் மூன்று பேரும் அரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடி அறையில் உட்கார்ந்து கேட்டோம். நீங்கள் நம்பமாட்டீர்கள், மனுஷர் தண்ணீர் பட்ட பாடாகப் பேசினார். இரண்டு மூன்று இடத்தில் லேசாகத் தடுக்கியது, அவ்வளவுதான். ரியாஸ் வழக்கப்படி அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டான். பிரியா, "இவருக்கா திக்கும்னு சொன்னீங்க மேடம்?" என்று என்னைக் கேட்டாள். திக்குவது என்றால் ஒரே எழுத்து இரண்டு மூன்று தரம் வரும், அவ்வளவுதான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மூன்று பேர் முன்னால் வராதது நூறு பேர் முன்னால் வரும் என்பதும், வரும்போது சத்தமே இல்லாமலும் வரலாம் என்பதும் எங்களுக்குத் தெரியாது.

உரை நாள். சாயங்காலம். ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். துறைத்தலைவரும் இணைந்துவிட்டார், திரையில் அவர் பெயர் தெரிந்தது. சிறுசேரியில் வேலை செய்கிற பையன்கள், பழைய மாணவர்கள், கரை ஊர்க்காரர்கள் என்று நல்ல கூட்டம். அஞ்சலை அம்மா தன்னுடைய மீன் கடையை விட்டு வரவில்லை. அங்கேயே பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில், மற்ற மீன்காரப் பெண்களோடு சேர்ந்து பார்க்கப் போவதாக ஏழுமலை முன்பே சொல்லியிருந்தார். "ரூமுக்குள்ள ஆளு இருந்தா எனக்குக் கஷ்டம் மேடம், அங்கேயே இருக்கச் சொல்லிட்டேன்" என்றார்.

பிரியா அறிமுகம் செய்தாள். ஏழுமலை வணக்கம் சொல்லவில்லை. கையைக் கூப்பி, "எல்லாருக்கும் நன்றி" என்று ஆரம்பித்தார். நல்ல ஆரம்பம். கடற்கரை மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை, காற்றும் நீரோட்டமும் அதை வடக்கும் தெற்குமாக நடத்திக்கொண்டே இருக்கின்றன, கரையில் நாம் கல்லைக் கொட்டும்போது அந்த நடையை மறிக்கிறோம் என்று அழகாக அடுக்கிக்கொண்டே போனார். படகை ஏற்றி வைக்க மணல் வேண்டும், அது போனால் ஊருக்கு என்ன ஆகும் என்று தொட்டார். அடுத்து, வடக்கே இருந்து வரும் வாடைக்காற்று, தெற்கே இருந்து வரும் தென்னல் இரண்டையும் சொல்ல வந்தார்.

வாடை என்ற சொல்லில் நின்றுவிட்டார்.

ஒரு சத்தமும் இல்லை. உதடு லேசாகத் திறந்திருக்கிறது, கண் ஒரே இடத்தில் நிற்கிறது, முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. "ஃப்ரீஸ் ஆயிடுச்சுக்கா" என்றான் ரியாஸ். சொல்லி முடிப்பதற்குள் மைக்கை மூடி அட்டையைப் போட்டுவிட்டான். "நண்பர்களே, ஒரு சின்னத் தொழில்நுட்பத் தடங்கல். நம் பேச்சாளர் உடனே திரும்பிவிடுவார், இதற்கிடையில்..." என்று பிரியாவின் தேன் குரல் ஓட ஆரம்பித்துவிட்டது. எங்கள் குழு அவ்வளவு சுத்தமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

பார்வையாளர்களுக்குத்தான் அட்டை. ரியாஸின் கட்டுப்பாட்டுத் திரையில் ஒரு மூலையில் ஏழுமலையின் படம் சின்னதாகத் தெரிந்துகொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு ஜன்னல். ஜன்னல் கம்பியில் ஒரு நீலத் துண்டு காயப் போட்டிருந்தது. கடல் காற்றில் அது நன்றாக ஆடிக்கொண்டிருந்தது.

ரியாஸின் தோளைத் தட்டினேன்.

"ரியாஸ், துண்டு ஆடுது பாரு."

"இன்னாக்கா?"

"பின்னாடி பாருடா! துண்டு ஆடுது. நெட்வொர்க் எங்கடா போச்சு? அவருக்குத்தான் வார்த்தை நிக்குது!"

நான் சொல்லி முடிக்கும்போது ஏழுமலையின் உதடு அசைந்தது. அந்தச் சொல் வந்துவிட்டது. அவர் பாடுபட்டு அதை வெளியே கொண்டுவந்து, தொடர்ந்து பேசிக்கொண்டும் போனார். மூடிய மைக்கில், ஒருவர் காதிலும் விழாமல். பிறகுதான் தன்னுடைய திரையைப் பார்த்தார் போலிருக்கிறது. அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பல்கலைக்கழக வாசல். பேச்சை நிறுத்தினார். தலையைக் குனிந்துகொண்டார். பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் யாரோ கைநீட்டி அடித்த மாதிரி எனக்கு இருந்தது.

ரியாஸ் பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான். "அல்லா! அக்கா, நான் வேணும்னு பண்ணலக்கா."

"தெரியும்டா, சும்மா இரு."

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. துறைத்தலைவர். "மேடம், எனக்குப் புரிஞ்சிடுச்சு, அது நெட்வொர்க் இல்ல. ஒத்திகை ரெக்கார்டிங் இருக்குமே, அதைப் போட்டுடுங்க. யாருக்கும் தெரியாது. பாவம், ஊரே பாக்குது, அவர் அவமானப்பட வேண்டாம்."

அவர் குரலில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. உண்மையான இரக்கம். பதிவும் தயாராக இருந்தது. விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டால் உரை வழுவழுவென்று முடிந்துவிடும், எல்லோரும் கை தட்டுவார்கள், என் பிரிவுக்கும் நல்ல பெயர். ரியாஸ் அந்தக் கோப்பை எடுத்தே வைத்துவிட்டான். பிரியா இன்னொரு பக்கம் பேசிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சுகிறாள், அவளுக்குச் சொல்ல விஷயம் தீர்ந்துபோய்க்கொண்டிருந்தது.

இந்த மாதிரி நேரத்தில்தான் நம்முடைய வேலை என்ன என்பது தெரியும், கண்ணுகளா. கூட்டத்தைக் கலையாமல் காப்பதா, பேசுகிறவரைக் காப்பதா? பெரும்பாலான நாட்களில் இரண்டும் ஒன்றுதான். அன்றைக்கு இரண்டும் பிரிந்து நின்றன. பதிவைப் போட்டால் யாருக்கும் தெரியாது என்றார் துறைத்தலைவர். அவருக்குத் தெரியுமே! நேரில் பேச முடியாத ஆள் என்று அவர் மனதில் எழுதிக்கொள்வார், வகுப்பு போய்விடும். அஞ்சலை அம்மாவுக்கும் தெரியும், வெட்டி ஒட்டினது என்று. எல்லாவற்றுக்கும் மேலாக, இது என் முடிவும் இல்லை, துறைத்தலைவர் முடிவும் இல்லை. வாய் ஏழுமலையுடையது.

"சார், ஒரு நிமிஷம், அவரையே கேட்டுடறேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். ஏழுமலைக்கு மட்டும் தெரிகிற மாதிரித் தட்டச்சு செய்தேன். 'தவறு எங்களுடையது. மன்னித்துவிடுங்கள். ஒத்திகைப் பதிவைப் போடவா, நீங்களே பேசுகிறீர்களா?'

அவர் குனிந்த தலையை நிமிர்த்திப் படித்தார். பின்னால் துண்டு ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு பதில் வந்தது.

'நான் எங்கயும் போகல மேடம்.'

அதைப் படித்ததும் என் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அட்டையை எடு ரியாஸ், மைக்கைத் திற" என்றேன். பிரியாவிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: 'தடங்கல் இல்லை, ஏழுமலை தொடர்கிறார். வேறு ஒன்றும் சொல்லாதே.' அவருக்குத் திக்கும் என்று நாமாக அறிவித்து இரக்கம் கேட்கக் கூடாது. அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவர் பாடு. பிரியா எழுதியதை மட்டும் சொன்னாள், வாயை மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையிலேயே அதுதான் மிகச் சின்ன அறிவிப்பாக இருக்கும்.

ஏழுமலை கேமராவை நேராகப் பார்த்தார்.

"எனக்குத் தி... திக்கும்" என்றார். "உங்க நெட்வொர்க் எல்லாம் நல்லாத்தான் கீது. நான் நடுவுல நின்னா, நீங்களும் கொஞ்சம் நில்லுங்க. வார்த்த வந்துடும்."

அவ்வளவுதான். வீட்டில் பேசுகிற பேச்சு அது. ஒத்திகையில் அவர் வாயில் 'கீது' வந்ததே இல்லை. எங்கள் அறையில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம், அழுதோமா என்றும் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பேச்சு சீராகப் போனது என்று சொன்னால் அது பொய். நிறைய இடத்தில் நின்றார். சைலன்ஸை அடைத்தே பழகிய உடம்பு, சும்மா இருக்க மறுத்தது. ரியாஸ் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். அரட்டைப் பெட்டியில் யாரோ புதிதாக வந்த ஒருவர் 'ஆடியோ வரலை' என்று எழுதினார். நாங்கள் பதில் போடுவதற்குள் முன்பின் தெரியாத இன்னொருவர் 'வரும், பொறுங்க' என்று எழுதிவிட்டார். அதற்கப்புறம் ஒருவரும் அதைப் பற்றி எழுதவில்லை. சான்றிதழ் எப்போது என்றுகூட யாரும் கேட்கவில்லை, இது எங்கள் பிரிவில் அதிசயம்.

கேள்வி நேரம் வந்தது. எழுதிய கேள்விகளைப் பிரியா வாசித்தாள், அவர் பதில் சொன்னார். அப்போது திரையில் ஒரு கை உயர்ந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ போன் கம்பெனிப் பெயரும் எண்ணும்.

"தெரியாத போன்க்கா" என்றான் ரியாஸ். "அன்னிக்கு வந்தவன் மாதிரி எவனாவது பேசிட்டா பேஜாராயிடும்."

"பேசினா மூடிக்கலாம். திற."

திறந்ததும் ஒரு சந்தையே எங்கள் அறைக்குள் வந்து விழுந்தது. பஸ் ஹாரன், விலை கூவும் குரல், யாரோ தண்ணீர் தெளிக்கும் சத்தம். அதற்கு நடுவில் ஒரு பெண் குரல்.

"அலோ! கேக்குதா? இன்னாமே இது, அவன் மூஞ்சி தெரியுது, என் மூஞ்சி தெரியல... தம்பி, ஏழுமல! அம்மாடா. எல்லாம் கேட்டுகினுதான் கீறோம். நீ அவ்ளோ சொன்னியே, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. நம்ம கரையில இருந்து போச்சே மண்ணு, அது திரும்பி வருமா, வராதா?"

அவருடைய ஆராய்ச்சி முழுவதும் அந்த ஒரு கேள்விதான். பதில் ஒரே சொல். ஆனால் அந்தச் சொல் எந்த எழுத்தில் ஆரம்பிக்கிறது என்று பாருங்கள்.

ஏழுமலை வாயைத் திறந்தார். நின்றுவிட்டார்.

அன்றைக்கு அதுதான் எல்லாவற்றிலும் நீளமான நிறுத்தம். அந்த முனையில் மீன்காரப் பெண்களின் பேச்சு ஒவ்வொன்றாக அடங்குவது கேட்டது. மீன் வாங்க வந்த ஒருவர், "வஞ்சிரம் என்ன விலைம்மா?" என்று கேட்டார். உடனே ஒரு பெண் அவரை அதட்டினாள். "இரு சார், புள்ள பேசிகினு கீது."

பிள்ளை பேசிக்கொண்டிருக்கவில்லை. வாயைத் திறந்தபடி, சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பெண்களுக்கு அதுவும் பேச்சுதான். சின்ன வயதிலிருந்து அவர்கள் அவர் பேச்சை அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள், முழுதாக, நிற்கிற இடத்தையும் சேர்த்து. நானும் எத்தனையோ பேரறிஞர்களுக்கு மேடை போட்டிருக்கிறேன், என் கூட்டத்தில் ஒருவரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"வரும்" என்றார் ஏழுமலை. "வரும்மா. வாடையில போற மண்ணு தென்னல்ல திரும்பி வரும். நாம நடுவுல வழிய மறிக்காம இருந்தா, தானா வரும்."

"அப்டி சொல்லு! அத்த மொதல்லயே சொல்றதுதானே" என்றார் அஞ்சலை அம்மா. அந்தப் பக்கம் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள், ஏழுமலையும் சிரித்தார். வஞ்சிரத்துக்கு விலை சொல்லும் குரல் கேட்டது. ரியாஸ் அந்த மைக்கை மூடவே இல்லை, நானும் மூடச் சொல்லவில்லை.

உரை முடிந்ததும் துறைத்தலைவர் மறுபடி கூப்பிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் 'சார், லைன்ல இருக்கீங்களா' என்று கேட்கவில்லை, அதற்குள் எனக்குப் புத்தி வந்துவிட்டது. "மேடம், அடுத்த பருவம் முதலாமாண்டுப் பசங்களை அவர்கிட்டயே கொடுத்துடறேன்" என்றார். "நான் ரெக்கார்டிங் போடச் சொன்னதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க." நான் சொல்லவில்லை. ஏழுமலைக்கு அது எப்படியும் தெரிந்திருக்கும்.

அவருடைய வகுப்பைத் தாண்டி நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். சில சமயம் உள்ளே சத்தமே இருக்காது. எட்டிப் பார்த்தால் பிள்ளைகள் பேனாவைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் நகர்ந்துவிடுவேன்.

அந்த உரைக்கப்புறம் எங்கள் அட்டையை நாங்கள் தூக்கிப் போடவில்லை. நெட்வொர்க் நிஜமாகவே போகத்தானே செய்கிறது! அட்டையைப் போடும் முன் பேச்சாளருக்குப் பின்னால் பார்க்க வேண்டும் என்று மட்டும் வைத்துக்கொண்டோம். மின்விசிறி சுற்றுகிறதா, திரைச்சீலை ஆடுகிறதா, மடியில் பூனை வாலை ஆட்டுகிறதா, ஏதாவது அசைந்தால் கையை எடுத்துவிட வேண்டும். ஆள் இருக்கிறார், அவருக்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் குடிக்கிறவருக்கும் இதேதான், புரிகிறதா?

இன்னும் ஒன்று சொல்லி முடித்துவிடுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று அரங்கத்தில் ஒரு சின்னப் பாராட்டு விழா வைத்தார்கள். உங்களில் சிலர் அப்போதுதான் சேர்ந்திருந்தீர்கள். பொன்னாடை, பூங்கொத்து, நினைவுப் பரிசு என்று நான் மற்றவர்களுக்குக் கொடுத்த தண்டனை எல்லாம் எனக்கும் கிடைத்தது. வாழ்த்த வந்தவர்களில் ஏழுமலையும் ஒருவர். மைக் முன்னால் வந்து, வழக்கம்போல் கையைக் கூப்பினார். பிறகு என்ன நினைத்தாரோ, கூப்பிய கையைப் பிரித்து, மைக்கைப் பிடித்துக்கொண்டார். என் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார்.

நின்றுவிட்டார். நிற்கத்தானே செய்யும், எனக்கு என் அப்பா வைத்த பெயர் அப்படி. மற்றவர்களையெல்லாம் போல அவரும் வெறுமனே 'மேடம்' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். தப்பிக்கவில்லை. அரங்கம் முழுவதும் அசையாமல் இருந்தது. தூரத்தில் தாம்பரம் நோக்கிப் போகும் மின்சார ரயிலின் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் ஒலிப் பலகைக்குப் பக்கத்தில் ரியாஸ் இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

"வசந்தா மேடம்" என்றார் ஏழுமலை. "வணக்கம்."

என் பெயரை எத்தனையோ பேர் அந்த மேடையில் சொல்லியிருக்கிறார்கள். சிலர் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள், பலர் நன்றியுரையில் கடைசியாக அவசரமாகச் சொல்லிவிட்டு ஓடியிருக்கிறார்கள். இப்படிப் பாடுபட்டு ஒருவரும் சொன்னதில்லை.

அடுத்து ஏற்புரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வாழ்க்கை முழுவதும் மற்றவர்களைப் பேச வைத்தவள், எழுந்து மைக் முன்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. கண்ணீர் வழிகிறது, துடைக்கக் கைக்குட்டையைக் காணோம். பிரியா பழக்கதோஷத்தில் தன் மைக்கைத் தூக்கினாள், உடனே இறக்கிவிட்டாள். யாரும் கை தட்டி அந்த இடைவெளியை மூடவில்லை, யாரும் தண்ணீர் கொண்டுவந்து நீட்டவில்லை. எல்லோரும் அப்படியே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவசரமில்ல மேடம்" என்றார் முன் வரிசையிலிருந்து ஏழுமலை. "நாங்க எங்கயும் போகல."